அகெரு, குரெரு, மொரௌ: ஜப்பானியத்தில் உதவியைச் சொல்வது எப்படி? படிப்படியான வழிகாட்டி

'தனக சன் (திரு. தனக) என்னை ஸ்டேஷனில் கொண்டுவந்து விட்டார்.' தமிழில் இத்தோடு வாக்கியம் முடிந்தது. ஜப்பானியத்தில் இன்னும் ஒரு வினை பாக்கி இருக்கிறது. அவர் செய்தது எனக்கு உதவி என்பதையும், அந்த உதவி யாரிடமிருந்து யாருக்கு வந்தது என்பதையும் வாக்கியத்தின் கடைசியில் ஒட்டும் ஒரு துணைவினைதான் சொல்லும். அந்தத் துணைவினைகள் மூன்று: அகெரு, குரெரு, மொரௌ. மூன்றுக்கும் மரியாதை வடிவங்கள் தனியே உண்டு.

ஜேஎல்பிடி என்ற ஜப்பானிய மொழித் திறன் தேர்வின் என்4 நிலைக்குப் படிப்பவர்கள் அதிக மதிப்பெண் இழக்கும் இலக்கணங்களில் இதுவும் ஒன்று. வேலைக்கோ படிப்புக்கோ ஜப்பான் போகிறவர்களுக்கு இது இன்னும் முக்கியம். வினைமுற்றைத் தப்பாகச் சொன்னால் எதிரில் இருப்பவர் திருத்துவார். துணைவினையைத் தப்பாகப் போட்டால் பெரும்பாலும் திருத்தமாட்டார். உங்களை மரியாதை தெரியாதவர் என்று நினைத்துக்கொண்டு போய்விடுவார். அதனால்தான் இதை ஆரம்பத்திலேயே நேராகக் கற்றுக்கொள்ள வேண்டும்.

படிக்கும் முன் ஒரு குறிப்பு. ஜப்பானியச் சொற்களைத் தமிழ் எழுத்தில் தந்திருக்கிறேன். 'த' வரும் இடமெல்லாம் 'தலை' என்பதில் உள்ள வல்லோசை. 'ட' வரும் இடத்தில் 'பந்து' என்பதில் ஒலிக்கும் மெல்லிய ஓசை. 'அகெரு'வில் உள்ள 'கெ', எழுவாயைக் காட்டும் 'க' உருபு இரண்டும் மெல்லோசை. கேள்விக்கு வரும் 'கா' வல்லோசை. சரியான உச்சரிப்புக்குப் பாடநூலின் ஒலிப்பதிவைக் கேட்டுவிடுங்கள்.

1. முதலில் தெ வடிவம்

மூன்று துணைவினைகளும் தெ வடிவத்தோடுதான் சேரும். தமிழின் 'செய்து', 'வந்து' போன்ற எச்ச வடிவம் அது. அது தடுமாறினால் மற்றதெல்லாம் தடுமாறும். இரண்டாம் வகை வினைகளில் (எரு, இரு என முடிபவற்றில் பெரும்பாலானவை) 'ரு'வை எடுத்துவிட்டு 'தெ' சேர்த்தால் போதும்: ஒஷியெரு (கற்றுக்கொடு), ஒஷியெதெ. முதல் வகையில் (மற்ற பெரும்பாலான வினைகள்) உ, த்ஸு, ரு என முடிபவை 'த்தெ' ஆகும். மு, பு, நு என முடிபவை 'ண்டெ' ஆகும். கு 'இதெ' ஆகும். சு 'ஷிதெ' ஆகும். 'இகு' (போ) மட்டும் விதிவிலக்காக 'இத்தெ' ஆகும். 'சுரு' ஷிதெ ஆகும், 'குரு' கிதெ ஆகும்.

ஒற்று இரட்டிக்கிறதா இல்லையா என்பதில் கவனம் வையுங்கள். கிதெ என்றால் 'வந்து', கித்தெ என்றால் 'வெட்டி'. 'கிதெ மொரத்த' என்றால் 'அவரை வரச்சொன்னேன், வந்தார்'. 'கித்தெ மொரத்த' என்றால் 'வெட்டித் தந்தார்'. படுவும் பட்டுவும் வேறு என்று காதிலேயே பதிந்துபோன நமக்கு இது கடினமில்லை. எழுதும்போது இந்த இரட்டிப்பைக் காட்டும் சிறிய த்ஸு எழுத்தை விட்டுவிடுவதுதான் பிரச்சினை.

2. பொருள் கைமாறுவதில் தொடங்குங்கள்

உதவிக்குப் போகுமுன், ஒரு புத்தகம் கைமாறும் மூன்று வாக்கியங்களை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்.

வதஷி வ தொமொடச்சி நி ஹொன் ஒ அகெமஷித. (நான் நண்பனுக்குப் புத்தகம் கொடுத்தேன்.)

தொமொடச்சி க ஹொன் ஒ குரெமஷித. (நண்பன் எனக்குப் புத்தகம் தந்தான்.)

வதஷி வ தொமொடச்சி நி ஹொன் ஒ மொரைமஷித. (நான் நண்பனிடம் புத்தகம் பெற்றேன்.)

அகெருவும் குரெருவும் ஆங்கிலத்தில் ஒரே சொல்லாகிவிடும். ஆங்கில வழியாகப் படிப்பவர்கள் வாரக்கணக்கில் திணறுவது அங்கேதான். தமிழ் வழியாக வந்தால் பாதித் தூரம் சுலபம். தருதல், கொடுத்தல் என்ற இரண்டு சொற்களைத் தமிழ் தனித்தனியே வைத்திருக்கிறது. பெறுபவர் தன்மை அல்லது முன்னிலையில் இருந்தால் 'தா', படர்க்கையில் இருந்தால் 'கொடு' என்று தொல்காப்பியச் சொல்லதிகாரம் பிரித்தே சொல்கிறது. இன்றைய பேச்சில் அந்தக் கோடு மங்கிவிட்டது. ஆனாலும் 'எனக்குத் தந்தான்', 'அவனுக்குக் கொடுத்தேன்' என்பதுதான் வாயில் இயல்பாக வருகிறது. எனவே தா என்றால் குரெரு, கொடு என்றால் அகெரு என்று தொடங்கலாம்.

தொடங்கலாம், அவ்வளவுதான். இந்த ஒப்பீடு ஓர் இடத்தில் உங்களைக் கவிழ்த்துவிடும், அதுவும் அடிக்கடி வரும் இடத்தில். பெறுபவர் 'நீங்கள்' என்றால் தமிழில் 'தா' வரும்: 'உங்களுக்கு நான் சொல்லித் தருகிறேன்.' ஜப்பானியத்தில் அங்கே குரெரு வரவே வராது, அகெருதான். குரெரு என்னை நோக்கியும் என் பக்கத்தவரை நோக்கியும் வருவதற்கு மட்டுமே. 'வதஷி க ஒஷியெதெ குரெமஸ்' என்று ஒருவர் எழுதினால், எழுதியவர் தமிழர் என்று ஊகிக்கலாம் போலிருக்கும். அவ்வளவு பழகிய பிழை.

மூன்று பூட்டுகளை நினைவில் வைத்தால் போதும். குரெருவின் எழுவாய் 'நான்' ஆக முடியாது. அகெருவில் பெறுபவர் 'நான்' ஆக முடியாது. மொரௌவில் கொடுப்பவர் 'நான்' ஆக முடியாது.

என் பக்கத்தவர் என்றால் யார்? முதலில் குடும்பம். என் தங்கைக்கு ஆசிரியர் புத்தகம் தந்தால், நான் அங்கே இல்லாவிட்டாலும் குரெருதான். தங்கை வெளியாள் ஒருவருக்குக் கொடுத்தால் அகெரு. தனக சன் யமட சன்னுக்குக் கொடுத்து, இருவருமே எனக்கு வெளியாட்கள் என்றாலும் அகெரு. கேள்வியில் மட்டும் ஒரு நெகிழ்வு உண்டு. 'யாராவது உங்களுக்கு உதவினார்களா?' என்று கேட்கும்போது கேட்பவர் உங்கள் பக்கம் வந்து நிற்கிறார். அதனால் 'டரெக க தெத்ஸுடத்தெ குரெமஷித கா' என்பது சரி.

3. தெ அகெரு: நான் பிறருக்குச் செய்வது

'வதஷி வ தொமொடச்சி நி நிஹொங்கொ ஒ ஒஷியெதெ அகெமஷித': நண்பனுக்கு ஜப்பானியம் சொல்லிக்கொடுத்தேன். வடிவம் எளிது. சிக்கல் உருபில்.

பலர் 'யாருக்கு உதவினேனோ அவருக்கு எப்போதும் நி' என்று பாடமாக்கிக்கொள்கிறார்கள். இது தவறு. அகெருவை மனத்தில் கழற்றிவிட்டு, மீதியுள்ள வினை அந்த ஆளுக்கு எந்த உருபைக் கேட்கிறது என்று பாருங்கள். அதே உருபு அப்படியே நிற்கும்.

கற்றுக்கொடுத்தல், கடன் கொடுத்தல், காட்டுதல், வாங்கித் தருதல், சமைத்துத் தருதல் ஆகியவற்றில் ஏதோ ஒன்று அவரைப் போய்ச் சேருகிறது. அங்கே நி.

கொண்டுபோய் விடுதல், அழைத்துச் செல்லுதல், காத்திருத்தல், காப்பாற்றுதல் ஆகியவற்றில் அவரே செயப்படுபொருள். அங்கே ஒ: 'தொமொடச்சி ஒ எகி மடெ ஒகுத்தெ அகெமஷித.' நாமும் நண்பனை ஸ்டேஷனில் விட்டேன் என்று 'ஐ'தானே போடுகிறோம்.

அவருடைய பொருள்மீது செயல் நடந்தால் நொ: 'தொமொடச்சி நொ நிமொத்ஸு ஒ மொத்தெ அகெமஷித', நண்பனின் பையைத் தூக்கிக்கொண்டேன்.

தமிழ் உதவாத இடம் 'உதவு' என்ற வினையேதான். நாம் நண்பனுக்கு உதவுகிறோம். ஜப்பானியத்தில் தெத்ஸுடௌ, தசுகெரு இரண்டும் ஆளோடு ஒ கேட்கும். 'தொமொடச்சி நி தெத்ஸுடத்தெ அகெமஷித' என்று எழுதாதீர்கள்.

இனி இந்தக் கட்டுரையிலேயே மிக முக்கியமான எச்சரிக்கை. ஆசிரியர், மேலாளர், வாடிக்கையாளர், வயதில் மூத்தவர் ஆகியோரிடம் நேருக்கு நேர் தெ அகெரு சொல்லவே சொல்லாதீர்கள். 'சென்செய், நிமொத்ஸு ஒ மொத்தெ அகெமஷோ கா' (ஆசிரியரே, பையைத் தூக்கித் தரட்டுமா) என்பது இலக்கணப்படி பிழையில்லை. ஆனால் 'உங்களுக்கு ஓர் உபகாரம் செய்யட்டுமா' என்று சொல்லிக்காட்டுவது போலிருக்கும். மரியாதைச் சொல்லான சஷியகெருவைப் போட்டாலும் இந்தக் குறை தீராது, ஏனென்றால் குறை சொல்லின் உயர்வு தாழ்வில் இல்லை. என் உதவியை நானே எடுத்துச் சொல்வதில் இருக்கிறது. சரியான வழி தாழ்மை வடிவம்: 'ஒமொச்சி ஷிமஷோ கா' (தூக்கிக்கொள்ளட்டுமா), 'ஒதெத்ஸுடை ஷிமஸ்' (உதவுகிறேன்), 'கொஅன்னை ஷிமஸ்' (வழி காட்டுகிறேன்).

முதியோர் பராமரிப்பு வேலைக்குப் போகிறவர்கள் இதை இரண்டு முறை படியுங்கள். 'சாப்பிட வைக்கிறேன்', 'குளிக்க உதவுகிறேன்' என்பவற்றைத் தெ அகெருவில் சொல்லும் பழக்கம் எளிதில் ஒட்டிக்கொள்ளும். கேட்கும் முதியவருக்கு அது சிறுபிள்ளையிடம் பேசுவது போல் இருக்கும்.

நெருங்கிய நண்பர்களிடம் 'தெத்ஸுடத்தெ அகெரு யொ' என்பது இயல்பான பேச்சு. ஐயமாக இருந்தால் 'தெத்ஸுடைமஷோ கா' என்று அகெரு இல்லாமலே கேட்டுவிடுங்கள். அது எல்லோரிடமும் செல்லும்.

4. தெ குரெரு: பிறர் எனக்குச் செய்வது

'தனக சன் க எகி மடெ ஒகுத்தெ குரெமஷித.' தொடக்கத்தில் சொன்ன ஸ்டேஷன் வாக்கியம் இதுதான். 'வதஷி ஒ' எங்கே என்று தேடாதீர்கள். குரெரு வந்தாலே பெறுபவர் நான் என்று தெரிந்துவிடுவதால் அதைப் பெரும்பாலும் சொல்வதில்லை.

அகெருவில் மிகையாகப் போடுவது பிழை. குரெருவில் போடாமல் விடுவது பிழை. 'தனக சன் க ஒஷியெமஷித' என்று நிறுத்தினால், தனக சன் யாருக்கோ எதையோ கற்றுக்கொடுத்தார் என்ற செய்தி மட்டும் போகும். உங்களுக்குச் சொல்லித் தந்ததை அப்படிச் சொன்னால் நன்றியில்லாத தொனி வந்துவிடும். தமிழில் நன்றியை முகத்திலும் குரலிலும் காட்டிவிட்டு வினையைச் சும்மா விடலாம். இங்கே வினையில் காட்ட வேண்டும். நாள் முழுக்க உங்களுக்காகப் பிறர் செய்தவற்றை எண்ணிப் பாருங்கள்: வழி சொன்னார், கதவைப் பிடித்தார், காத்திருந்தார், அழைத்தார். ஒவ்வொன்றுக்கும் ஒரு குரெரு வேண்டும்.

நன்றி சொல்வதும் இதே அடித்தளத்தில்தான். நண்பரிடம் 'தெத்ஸுடத்தெ குரெதெ அரிகதோ'. மேலோரிடம் குரெருவின் மரியாதை வடிவத்தில் 'தெத்ஸுடத்தெ குடசத்தெ அரிகதோ கொஜைமஸ்'. 'தெத்ஸுடத்தெ அரிகதோ' என்று நடுவில் உள்ளதை விழுங்கினால் வாக்கியம் ஒடிந்து நிற்கும்.

குரெரு எப்போதும் நன்றியோடு வரும் என்று நம்பிவிடாதீர்கள். கோபத்தில் 'என்ன காரியம் செய்துவைத்தாய்' என்பதற்கும் இதே சொல் வரும். கேட்டால் புரிந்துகொள்ளுங்கள், நீங்கள் பயன்படுத்த வேண்டாம்.

5. தெ மொரௌ: பிறர் செய்ததை நான் பெறுவது

அதே ஸ்டேஷன் நிகழ்ச்சி: 'வதஷி வ தனக சன் நி எகி மடெ ஒகுத்தெ மொரைமஷித.' விட்டவர் தனக சன்தான். ஆனால் எழுவாய் நான்.

ஏன் தப்பாகிறது என்றால், முதல் பாடத்திலேயே 'நி' என்றால் நான்காம் வேற்றுமை 'கு' என்று பதிந்துவிடுகிறது. அந்தப் பழக்கத்தில் 'தனக சன் நி' என்று கேட்டதும் 'தனக சன்னுக்கு நான் செய்தேன்' என்று மனம் முடிவுகட்டிவிடும். தேர்வில் கேட்டல் பகுதியில் இந்த ஒரு உருபே ஒரு விடையைப் பறித்துவிடும். வாக்கியம் மொரௌவில் முடிந்தால் நி என்பதை 'இடம்' என்று மாற்றிப் படியுங்கள்: தனக சன்னிடம் பெற்றேன். ஜப்பானியத்தில் வினை கடைசியில்தான் வரும். தமிழிலும் அப்படித்தான் என்பதால், முடிவு வரும்வரை பொறுத்திருந்து பொருள் கொள்வது நமக்குப் புதிதில்லை. அந்தப் பொறுமையைக் கேட்டலிலும் காட்டுங்கள்.

'நி'க்குப் பதில் 'கர' போடலாமா? பொருளோ செய்தியோ அவரிடமிருந்து நகர்ந்து வந்தால் போடலாம். கற்றுக்கொடுத்தது, அனுப்பியது போன்றவை. 'வந்தார்', 'காத்திருந்தார்' போன்ற வினைகளோடு 'கர' பொருந்தாது. எப்போதும் 'நி' என்று வைத்துக்கொண்டால் தவறே வராது.

தெ மொரௌவுக்கு நேரான அமைப்பு தமிழில் இல்லை. அதனால் நாம் அருகில் கிடைக்கும் 'செய்ய வைத்தேன்' என்பதைப் பிடித்துக்கொள்கிறோம். அது ஜப்பானியத்தில் சஸெரு என்ற பிறவினையாகிவிடும். 'சென்செய் நி செத்ஸுமெய் சஸெமஷித' என்றால் ஆசிரியரை வற்புறுத்தி விளக்க வைத்ததாக ஆகும். ஆசிரியரிடம் கேட்டேன், விளக்கினார் என்பதற்கு 'சென்செய் நி செத்ஸுமெய் ஷிதெ இதடகிமஷித' (இதடகு என்பது மொரௌவின் மரியாதை வடிவம்).

தமிழில் வேறு விதமாகச் சொல்லும் பல அன்றாட வேலைகள் இங்கே மொரௌவாகின்றன. டாக்டரிடம் காட்டினேன் என்கிறோம். 'இஷ நி மிதெ மொரைமஷித', அதாவது டாக்டர் பார்த்ததை நான் பெற்றேன். போட்டோ எடுத்துக்கொண்டேன் என்கிறோம், எடுத்தவர் வேறொருவராக இருந்தாலும். அது 'ஷஷின் ஒ தொத்தெ மொரைமஷித'. முடிவெட்டுக்கு மட்டும் ஜப்பானியர்களும் 'கமி ஒ கித்த' என்று நம்மைப் போலவே சொல்லிவிடுவார்கள். 'கித்தெ மொரத்த' என்பதும் உண்டு.

குரெருவா மொரௌவா என்ற கேள்வி அடிக்கடி வரும். நிகழ்ச்சி ஒன்றுதான், வெளிச்சம் விழும் இடம் வேறு. குரெருவில் செய்தவர் முன்னே நிற்கிறார்; பெரும்பாலும் அவராகவே செய்தார் என்ற சாயல். மொரௌவில் நான் கேட்டோ ஏற்பாடு செய்தோ பெற்றேன் என்ற சாயல். பக்கத்து வீட்டுக்காரர் தாமாகவே வந்து பெட்டியைத் தூக்கினால் குரெரு. சைக்கிளைக் கடையில் கொடுத்துப் பழுது பார்த்தால் மொரௌ.

கடன் விஷயத்தில் ஒரு கண்ணி இருக்கிறது. கசு என்றால் கடன் கொடுப்பது, கரிரு என்றால் கடன் வாங்குவது. 'குடையை எனக்குக் கடன் தந்தார்' என்பது 'கச ஒ கஷிதெ மொரைமஷித'. 'கரிதெ மொரைமஷித' என்றால் எனக்காக வேறு யாரிடமோ அவர் இரவல் வாங்கினார் என்று கதை மாறிவிடும். தெ வடிவத்தில் இருப்பது எப்போதும் அவர் செய்த செயல். எழுதி முடித்ததும் இதை ஒருமுறை சரிபாருங்கள்.

தீங்கு நேர்ந்தால் மொரௌ கூடாது. மழையில் நனைந்தேன், பர்ஸைத் திருடிவிட்டார்கள் என்பவற்றுக்குச் செயப்பாட்டு வினைதான்: 'அமெ நி ஃபுரரெமஷித'.

6. உதவி கேட்பது: ஏணியில் எந்தப் படி?

தொல்காப்பியம் ஈ, தா, கொடு என்ற மூன்றையும் இரப்பவரின் நிலைக்கேற்பப் பிரித்தது: தாழ்ந்தவர் 'ஈ' என்பார், ஒத்தவர் 'தா' என்பார், உயர்ந்தவர் 'கொடு' என்பார். கேட்கும் சொல்லிலேயே உறவு தெரியும் என்ற அந்த உணர்வு ஜப்பானியத்தில் இன்றும் நடப்பில் இருக்கிறது. கீழிருந்து மேலாக:

வீட்டில், நெருங்கிய நண்பரிடம்: 'ஒஷியெதெ', அல்லது 'ஒஷியெதெ குரெனை?'

பழகிய சக ஊழியரிடம்: 'ஒஷியெதெ குரெமசென் கா', 'ஒஷியெதெ மொரயெமசென் கா'.

ஆசிரியர், மேலாளர், முன்பின் தெரியாதவர், அலுவலக முகப்பு: 'ஒஷியெதெ இதடகெமசென் கா'. முன்னால் 'சுமிமசென் க' சேர்த்தால் இன்னும் நல்லது.

மின்னஞ்சலில்: '…ஷிதெ இதடகெமஸ் தொ சைவை டெஸ்' (செய்து தந்தால் மகிழ்வேன்).

'தெ குடசாய்' எங்கே என்று கேட்பீர்கள். முதல் மாதத்தில் அதைத்தான் 'தயவுசெய்து' என்று சொல்லித் தருகிறார்கள். உண்மையில் அது பணிவான கட்டளை. ஆசிரியர் மாணவரிடம் 'எழுதுங்கள்' என்பதும், நர்ஸ் 'இங்கே உட்காருங்கள்' என்பதும் அதில்தான். விருந்தினரிடம் 'சாப்பிடுங்கள்' என்று கேட்பவருக்கே நன்மையானதைச் சொல்லவும் பொருந்தும். எனக்கு வேலை ஆக வேண்டியிருக்கும்போது, மறுக்கும் உரிமை உள்ள ஒருவரிடம் அதைச் சொன்னால் உத்தரவு போட்டதாகிவிடும்.

அடுத்த கண்ணி 'மொரயெமசென்', 'இதடகெமசென்' இரண்டிலும் உள்ள எகரம். மொரௌ, இதடகு இரண்டுக்கும் எழுவாய் நான். எனவே 'நான் பெற முடியுமா' என்று இயலும் வடிவத்தில் கேட்க வேண்டும். 'இதடகிமசென் கா' என்று இகரம் போட்டால் 'நான் பெறமாட்டேனா' என்று அர்த்தமில்லாமல் போகும். குரெருவுக்கு எழுவாய் நீங்கள்; 'தரமாட்டீர்களா' என்று கேட்டாலே போதும், அதனால் அங்கே இயலும் வடிவம் கிடையாது. இந்தக் காரணம் ஒருமுறை புரிந்துவிட்டால் மனப்பாடம் தேவைப்படாது.

7. மரியாதை வடிவங்கள்

குரெருவுக்குக் குடசரு, மொரௌவுக்கு இதடகு, அகெருவுக்குச் சஷியகெரு. முதல் இரண்டும் தினமும் வேண்டும். மூன்றாவதை நேர்ப்பேச்சில் தவிர்க்கும் காரணத்தை மேலே சொல்லிவிட்டேன். குடசருவின் மஸ் வடிவம் (பணிவான வினைமுற்று) குடசைமஸ். 'குடசரிமஸ்' என்று எழுதக் கூடாது.

'சென்செய் க சகுபுன் ஒ நவொஷிதெ குடசைமஷித' (ஆசிரியர் கட்டுரையைத் திருத்தித் தந்தார்), 'சென்செய் நி சகுபுன் ஒ நவொஷிதெ இதடகிமஷித' (ஆசிரியரிடம் கட்டுரையைத் திருத்திப் பெற்றேன்). இந்த இரண்டையும் ஜோடியாக எழுதிப் பழகுங்கள். க, நி இரண்டும் இடம் மாறிவிடாது.

வேலையிடத்தில் ஒரு நுணுக்கம். உங்கள் மேலாளர் உதவியதை அலுவலகத்துக்குள் சொன்னால் குடசரு. வெளி நிறுவனத்தாரிடம் சொல்லும்போது மேலாளரும் உங்கள் பக்கத்தவர் ஆகிவிடுகிறார். அவரை உயர்த்திப் பேசக் கூடாது. வயதையும் பதவியையும் எங்கும் ஒரே மாதிரி மதிக்கும் நமக்கு இது பழக நாளாகும்.

யரு என்றொரு வடிவமும் உண்டு. செடிக்குத் தண்ணீர் ஊற்றுவது, நாய்க்குச் சோறு வைப்பது போன்றவற்றுக்கு வரும். இவற்றுக்கும் அகெரு சொல்பவர்கள் நிறைய. மிரட்டலிலும் வரும் சொல் என்பதால் புதியவர்கள் விட்டுவிடலாம்.

8. அனுமதி கேட்க: சஸெதெ இதடகு

'நாளை விடுப்பு எடுத்துக்கொள்ளலாமா?' என்று மேலாளரிடம் கேட்க: 'அஷித யசுமஸெதெ இதடகெமசென் கா'. பிறவினையும் இதடகுவும் சேர்ந்தது: என்னை ஓய்வெடுக்க விடுவதை உங்களிடம் பெறலாமா. செய்வது நான்.

பிறவினையை விட்டு 'யசுண்டெ இதடகெமசென் கா' என்று சொன்னால் ஓய்வெடுப்பவர் மேலாளர் ஆகிவிடுவார்; 'நீங்கள் நாளை வராமல் இருக்க முடியுமா' என்று கேட்டதாகும். அலுவலகத்தில் முதல் வாரமே வரக்கூடிய வாக்கியம் இது. எனவே வாய்விட்டு இருபது தடவை சொல்லிப் பாருங்கள்.

இன்னொரு பிழை: முதல் வகை வினைகளில் தேவையில்லாத 'ச' சேர்ப்பது. 'யசுமஸெதெ' சரி, 'யசுமசஸெதெ' தவறு. ஜப்பானியர்களே செய்யும் பிழைதான். அதற்கு 'ச இரெ கொதொப' என்றே பெயர் உண்டு. தேர்வில் அது மன்னிக்கப்படாது.

எதற்கெடுத்தாலும் சஸெதெ இதடகு போடுவதும் நல்லதில்லை. 2007-இல் ஜப்பானின் பண்பாட்டு மன்றம் அளித்த மரியாதைமொழி வழிகாட்டுதல் இரண்டு நிபந்தனைகளைச் சொல்கிறது: எதிரிலுள்ளவரின் அனுமதி பெற்றுச் செய்வதாக இருக்க வேண்டும், அதனால் எனக்கு ஒரு நன்மை கிடைப்பதாகவும் இருக்க வேண்டும். இரண்டும் இல்லாத இடத்தில் சாதாரண 'இதஷிமஸ்' ('செய்கிறேன்' என்பதன் தாழ்மை வடிவம்) போதும்.

9. எவ்வளவு நாள், எந்த வரிசை, என்ன செலவு

மின்னா நோ நிஹொங்கொ என்ற பாடநூலை வைத்துப் படிப்பவர்களுக்கு இந்த இலக்கணம் சிதறிக் கிடக்கும்: அகெருவும் மொரௌவும் 7-ஆம் பாடம், தெ வடிவம் 14, குரெருவும் மூன்று துணைவினைகளும் 24, தெ இதடகெமசென் கா 26, மரியாதை வடிவங்கள் 41, பிறவினை 48. நீண்ட இடைவெளிவிட்டுப் படித்தால் ஒன்று வரும்போது மற்றது மறந்திருக்கும். 24-ஆம் பாடம் முடிந்ததும் ஒருமுறையும் 48 முடிந்ததும் ஒருமுறையும் எல்லாவற்றையும் சேர்த்துத் திரும்பப் பாருங்கள்.

ஒரு நாளைக்கு 20 நிமிடம், மூன்று வாரம் ஒதுக்கினால் போதும். செலவு ஒரு கோடு போட்ட நோட்டுப் புத்தகம் மட்டும். அதில் நான்கு பத்தி பிரியுங்கள்: செய்தவர், பயன் பெற்றவர், நான் யார் பக்கம், வினை. முதல் வாரம் தினமும் நடந்த ஐந்து உதவிகளை எழுதி அகெருவா குரெருவா என்று மட்டும் முடிவுசெய்யுங்கள். இரண்டாம் வாரம் குரெரு வாக்கியம் ஒவ்வொன்றையும் மொரௌவாகத் திருப்பி எழுதுங்கள். மூன்றாம் வாரம் அவற்றையே ஆசிரியர், மேலாளர், நண்பர் என ஆளை மாற்றி எழுதுங்கள். மூன்றாவது பத்தியை நிரப்பாமல் நான்காவதுக்குப் போகாதீர்கள். பக்கம் தெரியாமல் வினையைத் தேர்ந்தெடுப்பதால்தான் பிழைகளில் பெரும்பகுதி வருகிறது.

ஜேஎல்பிடி தேர்வு சென்னை மையத்தில் ஜூலை, டிசம்பர் மாதங்களின் முதல் ஞாயிற்றுக்கிழமைகளில் நடக்கிறது. விண்ணப்பம் சில மாதங்களுக்கு முன்பே மூடப்பட்டுவிடும். அந்த அந்த ஆண்டின் அறிவிப்பில் கட்டணத்தையும் கடைசி நாளையும் பார்த்துக்கொள்ளுங்கள். என்4-இல் மொத்தம் 180-க்கு 90 வேண்டும்; அதோடு கேட்டலில் 60-க்குக் குறைந்தது 19 எடுத்தாக வேண்டும். இலக்கணமும் வாசிப்பும் சேர்ந்து 55 நிமிடம், கேட்டல் 35 நிமிடம். கேட்டலில் ஒரு படத்தைக் காட்டி, அம்புக்குறி இட்ட ஆள் என்ன சொல்ல வேண்டும் என்று கேட்கும் கேள்விகள் வரும். 'பார்த்துத் தர முடியுமா', 'நான் பார்க்கட்டுமா', 'எனக்குக் காட்ட முடியுமா' என்ற மூன்றும் 'மிதெ இதடகெமசென் கா', 'மிமஷோ கா', 'மிஸெதெ இதடகெமசென் கா' என்று ஒன்றையொன்று உரசிக்கொண்டு ஒலிக்கும். அம்புக்குறி உள்ளவர் செய்யப்போகிறவரா, பெறப்போகிறவரா என்பதை ஒலி தொடங்கும் முன்பே படத்தில் பார்த்து முடிவுசெய்துவிடுங்கள்.